குடச்சத்தம் கேட்கணும்: வில்லுப்பாட்டு கேசட்டுகளை மீட்ட கதை

ஒரு வழியாக வேலை முடிந்தது. 31 கேசட்டில் 26 முழுசாகக் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன, 3 அரைகுறை, 2 இப்போதைக்குக் கைவிட்டவை. பழைய கேசட்டை ஏற்றுவது எப்படி என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. ஆனால் கோயில் கொடைத் திருவிழாவில், ஜெனரேட்டர் ஓட ஓட, விடிய விடியப் பதிவான வில்லுப்பாட்டுக்கு அந்த யோசனைகளில் பாதி ஒத்து வராது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் மைக்செட் வைத்திருந்தவன். நெல்லை, தென்காசிப் பக்கம் சித்திரை, வைகாசி, ஆடி என்றால் வீட்டில் படுத்ததே கிடையாது. எந்த வில்லு செட்டோடு அதிகம் சுற்றினேனோ, அந்தச் செட்டில் தாளத்துக்குக் குடம் அடித்த அண்ணாச்சி போன வருசம் தவறிப்போனார். தலைத்திவசத்துக்குள் அவர் குடம் அடித்ததை ஒரு தடவையாவது கேட்கணும் என்று செட்டுக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அவர் வீட்டு மதினி பரணிலிருந்து ஒரு அரிசிச் சாக்கை இறக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் கேசட்.

ஒரு சிக்கல் முதலிலேயே தெரிந்ததுதான். வில்லில் பாடுகிறவர் அண்ணாவி. குடக்காரர் தனியாகப் பாடுவதில்லை. அண்ணாவி ஒரு அடி சொன்னால் இவர் 'ஆமா' போடுவார், பின்பாட்டுக்காரரோடு சேர்ந்து அடியைத் திருப்பிச் சொல்வார். இவர் பாட்டு என்று தனியாக எடுத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் இடையில்தான் இருக்கிறது. இது வேலையை எவ்வளவு தூரம் மாற்றும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலில் பிரித்தெடுத்தல். சாக்கில் மூன்று வகை இருந்தது. ஒன்று, என் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக வயர் இழுத்துப் பதிந்தவை. இரண்டு, ஊர்க்காரர்கள் மேடை ஓரத்தில் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) வைத்துப் பதிந்து, அண்ணாச்சிக்கு ஒரு காப்பி கொடுத்தவை. மூன்று, சினிமாப் பாட்டு கேசட்டின் முதுகில் இருக்கும் ஓட்டையைப் பேப்பர் திணித்து அடைத்து அதன்மேலேயே பதிந்தவை. லேபிள் ஒன்றிலும் ஒழுங்காக எதுவும் இல்லை. 'கொடை' என்று மட்டும் எழுதியவை ஒன்பது.

பாதிக்கு மேல் பூஞ்சை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரியும். அதை அப்படியே டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் பெட்டியில், போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் போட்டேன். அப்புறம் முற்றத்தில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேசட்டைத் திறந்து சுருளின் இரண்டு பக்கத்தையும் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் ஐந்து ஸ்க்ரூ, வேலை எளிது. ஒட்டிய கேசட்டை மெல்லிய கத்தியால் ஓரத்தில் நெம்பிப் பிளக்க வேண்டும். பிளந்த கூடு மறுபடி சேராது. சுருளை எடுத்து வேறு ஸ்க்ரூ கூட்டுக்கு மாற்றணும். இதற்காகப் பழைய சாமான் கடையில் கேசட் ஒன்று பத்து ரூபாய் என்று இருபது வாங்கி வைத்திருந்தேன்.

அந்தக் கூடுகளோடு இன்னொரு லாபம், பிரஷர் பேட். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிக் கம்பளித் துண்டு அது, ஒரு செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து விழுந்துவிட்டால் சத்தம் அமுங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். எனக்கு ஏழு கேசட்டில் விழுந்திருந்தது. தகட்டோடு எடுத்து மாற்றிவிட்டேன், ஒட்டுகிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. டேப் அறுந்த இடங்களுக்கு அதற்கென்று விற்கிற ஸ்ப்ளைஸிங் டேப்தான். செல்லோடேப் ஒட்டினால் கொஞ்ச நாளில் பசை கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். சாக்கில் அப்படி ஒட்டியவை இரண்டு இருந்தன, கைவிட்டவை அவைதான்.

அடுத்து டெக். என் பழைய டபுள் டெக்கைத் திறந்தால் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாகத் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் வைத்து ஃப்ளைவீல், மோட்டார் புல்லி எல்லாம் துடைத்தெடுக்க ஒரு மத்தியானம் போனது. கையில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது, பழைய பனியனைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பழைய பெல்ட் உருகிவிட்டதால் அளவு தெரியாது. பெல்ட் ஓடும் வழியில் தையல் நூலைச் சுற்றி அளந்தேன்: 21.6 செ.மீ. பெல்ட் கொஞ்சம் இழுபட்டு நிற்கணும், அதனால் ஐந்து சதவீதம் குறைத்து 20.5. அதாவது விட்டம் ஆறரை செ.மீ. சதுர வெட்டு, கனம் 1.2 மி.மீ. பெல்ட் தபாலில் வரும்வரை பொறுக்காமல் ரப்பர் பேண்ட் மாட்டிப் பார்த்தேன். பேச்சு கேட்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆர்மோனியம் வந்ததும் சுருதி கடல் அலை மாதிரி ஏறி இறங்கியது. ரப்பர் பேண்ட் எந்த வேலைக்கும் ஆகாது.

டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையான பின்ச் ரோலரையும் ஹெட்டையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு துடைத்தேன். பூஞ்சை கேசட் என்றால் பக்கம் மாற்றும்போதே துடைக்கணும். எந்தக் கேசட்டையும் எடுத்தவுடன் ப்ளே அழுத்தக்கூடாது. ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றினால் சுருள் தளர்ந்து கொடுக்கும். சி-90 (90 நிமிசம்) டேப் சி-60 (60 நிமிசம்) டேப்பை விட மெல்லிசு, அதைச் சுற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்ற, முதலில் டெக்கிலிருந்து வயரை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகினேன். மைக்செட்காரன் செய்யக்கூடாத வேலை. மைக் ஓட்டைக்கு டெக் தரும் லெவல் ரொம்ப அதிகம், எல்லாம் கரகரவென்று உடைந்தது. லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கினேன், 2,350 ரூபாய். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் ஃபைல். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 690 எம்பி. மென்பொருள் ஆடாசிட்டி, காசு கிடையாது.

லெவல் வைப்பதில் வில்லுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. தொடக்கத்தில் கடவுளை வணங்கும் காப்பு, கதையைச் சொல்லும் வருபொருள், குருவை வணங்கும் குருவடி, அவையடக்கம் என்று நிதானமாகப் போகும். அதைக் கேட்டு லெவல் வைத்தால் நடுராத்திரியில் சாமி இறங்குகிற இடத்தில் உடுக்கையும் குடமும் சேர்ந்து முள்ளைச் சிவப்பில் அடித்துவிடும். உடைந்த சத்தத்தை அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. எனவே கேசட்டின் நடுவிலோ கடைசியிலோ போய், துடியான இடத்தைத் தேடி, அங்கே உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கிற மாதிரி வைத்துவிட்டுத்தான் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

பிறகு அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், சிறு ஓட்டை வழியாகத் திருகலாம். ஹெட் எந்தச் சாய்வில் நின்று பதிந்ததோ அதே சாய்வில் நின்று படித்தால்தான் ஜால்ராவின் மினுக்கு வரும். பதிந்த பெட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. ஜால்ரா ஒலிக்கிற இடத்தை ஓடவிட்டு, கால் திருகு இந்தப் பக்கம், கால் திருகு அந்தப் பக்கம், மினுக்கு கூடும் இடத்தில் நிறுத்து. ஒவ்வொரு கேசட்டுக்கும் இது. சலிப்பான வேலைதான், ஆனால் இந்த ஒன்றே மற்ற எல்லாச் சுத்தப்படுத்தலையும்விட அதிகம் தந்தது. டூ-இன்-ஒன்னில் பதிந்தவை எல்லாம் மோனோ. இடது வலது இரண்டையும் கலக்காமல், எது தெளிவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். டேப்பின் ஓரம் கசங்கியிருந்தால் ஒரு பக்கம் கட்டாயம் மங்கலாக இருக்கும்.

வேகத்தில்தான் நன்றாகத் தடுமாறிப்போனேன். டேப்பில் மின்சாரத்தின் 'ம்ம்' என்கிற முனகல் கேட்டால் அதை வைத்து வேகத்தைச் சரிபார்க்கலாம் என்பது பொதுவான யோசனை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முனகலும் 50-ல் இருக்க வேண்டும். என் ஃபைலில் பார்த்தால் 51.4. அப்படியானால் டெக் 2.8 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று மோட்டாரின் பின்பக்க ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விட்டு வேகத்தைக் குறைத்தேன். முனகல் அழகாக 50-ல் வந்து உட்கார்ந்தது. பத்துக் கேசட் அப்படியே ஏற்றினேன்.

அண்ணாவி ஒரு நாள் வந்து கேட்டார். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை.

"என்னவே, சுதி இறங்கிக் கெடக்கு? இது நான் பாடுத சுதி இல்லையே."

அவருக்கு வயதாகிவிட்டது, இப்போது பாடும் சுருதியை வைத்துச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் செட்டின் ஆர்மோனியம் இன்னமும் அதே பெட்டிதான். ஆர்மோனியத்தின் நாக்கு சுலபத்தில் சுருதி மாறாது. அதைக் கொண்டுவரச் சொல்லி, போனில் டியூனர் வைத்து அளந்தால், டேப்பில் இருக்கிற ஆர்மோனியம் நேரில் இருப்பதைவிட 48 சென்ட் (சுருதியை அளக்கும் நுண் அலகு) கீழே. கால் கட்டை. நான் குறைத்த 2.8 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் அதே 48 சென்ட் வருகிறது. டெக் முதலிலேயே சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அந்தக் கொடைகளில் சீரியல் செட்டுக்கும் மைக்குக்கும் ஜெனரேட்டர்தான் ஓடியது. ஜெனரேட்டர் 50-ல் நிற்காது, லோடு குறைவாக இருந்தால் 51, 52 என்று ஓடும். அந்த ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியதே நான்தான். பத்துக் கேசட்டும் மறுபடி முதலிலிருந்து.

கோயில் கொடைப் பதிவு எதுவானாலும் முனகலை நம்பாதீர்கள். ஆர்மோனியம் மாதிரி அப்போதிருந்து மாறாமல் இருக்கிற ஒரு கருவியைத் தேடிப் பிடித்து அதோடு ஒப்பிடுங்கள்.

இனி இரைச்சல். ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று உண்டு. சத்தமில்லாத ஒரு துண்டைக் காட்டி, இதுதான் இரைச்சல், இதை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடும். 24 டெசிபல் போட்டேன். அண்ணாவியின் குரல் பளிச்சென்று வந்தது. எனக்கு ஒரே சந்தோசம். ஹெட்போன் மாட்டி இரண்டாவது தடவை கேட்டபோதுதான் குடம் அரைகுறையாக இருப்பது தெரிந்தது. குடக்காரர் ஒரு கையில் பத்தி என்கிற தட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், அது 'தொம்' என்று விழும். இன்னொரு கையில் ஒரு காசு, அதால் குடத்தின் உடம்பில் 'டிணுக்'. அந்த டிணுக்கும் டேப் இரைச்சலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இரைச்சலைத் துடைத்தபோது காசும் போய்விட்டது. தூரத்திலிருந்து வரும் 'ஆமா'வெல்லாம் தண்ணீருக்குள் பேசியது மாதிரி ஆகிவிட்டது. சுத்தமான பதிவு, அதில் அண்ணாச்சி மட்டும் இல்லை.

6 டெசிபலுக்கு இறக்கினேன். முனகலை மட்டும், ஒரே ஒரு சுருதியை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரால் எடுத்தேன். 50-ல் போட்டால் ஒன்றும் நடக்காது, அது எங்கே இருக்கிறதோ அங்கே, 51.4-ல் போட வேண்டும். இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

இதோடு என் பழைய கணக்கும் தலைகீழாகிவிட்டது. நேராக ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்த என் பதிவுகள்தான் உயர்த்தி என்று நினைத்திருந்தேன். என்னிடம் அப்போது நாலே மைக்: அண்ணாவிக்கு, பின்பாட்டுக்கு, உடுக்கைக்கு, ஆர்மோனியத்துக்கு. குடத்துக்கு இல்லை. ஒவ்வொரு கொடைக்கும் அண்ணாச்சி சண்டைக்கு வருவார்.

"ஏம்வே, என் குடம் என்ன ஓட்டக் குடமா? அதுக்கு ஒரு மைக்கு வச்சா உம்ம ஆம்ப்ளிஃபயர் வெடிச்சிருமோ?"

"அண்ணாச்சி, உங்க குடம் சும்மாவே அடுத்த ஊருக்குக் கேக்கும். அதுக்கு எதுக்கு மைக்கு?"

உண்மைதான், திடலில் கேட்டது. ஆனால் வயரில் போகவில்லை. என் பதிவுகளில் குடம் எங்கோ மூலையில் கிடக்கிறது. மேடை ஓரத்தில் யாரோ வைத்த டூ-இன்-ஒன்னில்தான் குடம் நெஞ்சில் அடிக்கிறது. அதில் வேறு தொல்லை: அந்தப் பெட்டிகள் லெவலைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் மற்றச் சத்தமெல்லாம் அமுங்கி எழும்பும், மூச்சு வாங்குகிற மாதிரி. ஒரே கொடைக்கு இரண்டு பதிவும் கிடைத்த இடத்தில், என்னுடையதிலிருந்து குரலையும் அதிலிருந்து குடத்தையும் எடுத்துக் கலந்து பார்த்தேன். இரண்டு நிமிசத்துக்கு ஒட்டி வரும், அப்புறம் விலகும், வெட்டி ஒட்டினால் மறுபடி விலகும். இரண்டு பெட்டியும் ஒரே வேகத்தில் ஓடியதே கிடையாது. விட்டுவிட்டேன். இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.

எந்தக் கேசட் எந்தக் கொடை என்று கண்டுபிடிக்கச் செட்டு மொத்தமும் என் வீட்டுத் திண்ணையில் கூடியது. கதையை வைத்துக் கொஞ்சம் தெரியும். சுடலைமாடன் கதை எல்லா ஊரிலும் பாடியது, அதனால் பயனில்லை. இடையில் அறிவிப்பு வந்தால் நல்லது: 'படப்புக்கு உரியவர்கள் கோயிலுக்கு வரவும்', 'டிராக்டரை எடுக்கவும்'. ஊர் பிடிபட்டுவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாத மூல ஃபைலில்தான் இதெல்லாம் கேட்கும்.

முத்துப்பட்டன் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆநிரையைத் திருடர்கள் ஓட்டிப்போக, பட்டன் விரட்டிப்போய்ச் சண்டையிடுகிற இடம். அண்ணாவி ஒரு அடியைத் தொடங்குகிறார், பாதியில் நிற்கிறார். "ஆமா," என்று அண்ணாச்சி குரல். ஒரு 'தொம்'. "ஆமா… ஆமா, வந்தான். எங்க வந்தான்? யாரு வந்தான்?" இரண்டு 'டிணுக்'. கூட்டம் இதைக் கதையின் கேள்வி என்றுதான் நினைத்திருக்கும். அதற்குள் அண்ணாவி அடியைப் பிடித்துவிட்டார்.

திண்ணையில் அண்ணாவி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இந்த எடத்துல நான் அடிய விட்டுட்டேன். அவன்தான் புடிச்சுக் குடுத்தான். அன்னைக்கு ராத்திரி நாலு எடத்துல விட்டேன். போட்டுப் பாரும்." பார்த்தோம், நாலு இடம் இருந்தது. உடுக்கைக்காரர் ஐந்தாவதும் ஒன்று கண்டுபிடித்தார், அதை அண்ணாவி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை அது முடியாத வழக்காகவே போனது.

முத்துப்பட்டன் சண்டையில் மாண்டுபோன ஆள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் இன்று தெய்வமாக நிற்கிறான், வில்லில் அவன் கதை இன்னமும் ஓடுகிறது. செத்தவர்களை மறக்காமல் வைத்துக்கொள்ள வில்லுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஆடிக் கொடையில் குருவடி பாடும்போது, தன் குருவின் பேரைச் சொன்ன கையோடு அண்ணாச்சி பேரையும் சேர்த்து அண்ணாவி பாடினார். தம்பிமுறை ஆள் ஒருவரைக் குருவடியில் வைக்கலாமா என்று பின்பாட்டுக்காரர் கேட்டதற்கு, "அடிய எடுத்துக் குடுத்தவன் குருதான்வே" என்று சொல்லிவிட்டார்.

செலவு: பெல்ட் 220, ஆல்கஹால் 280, சவுண்டு கார்டு 2,350, பழைய கேசட் கூடு 200, ஸ்ப்ளைஸிங் டேப் 450, சிலிக்கா ஜெல் 150. மொத்தம் ஏறக்குறைய 25 ஜிபி வந்தது, 32 ஜிபி பென்டிரைவில் அடங்கும். செட்டில் ஆறு பேருக்கு ஆறு, தலைக்கு 380. மதினிக்குத் தனியாக ஒரு ரேடியோ பெட்டி 1,200. எல்லாம் சேர்த்து 7,130 ரூபாய். டெக் கையில் இருந்ததால் இவ்வளவோடு முடிந்தது.

மறுபடி செய்தால் மாற்றுவது: முதல் கேசட் ஏற்றும்போதே ஆர்மோனியத்தைக் கொண்டுவரச் சொல்வேன். பூஞ்சை கேசட்டுக்கென்று உதவாக்கரை டெக் ஒன்று தனியாக வைத்துக்கொள்வேன். மூல ஃபைலை எந்தத் துடைப்பும் போடாமல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்த பிறகுதான் மற்றதில் கை வைப்பேன். முக்கியமாக, செட்டுக்காரர்களைக் கடைசியில் அல்ல, தொடக்கத்திலேயே திண்ணையில் உட்கார வைப்பேன். எதைத் துடைக்கக்கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரிகிறது.

மதினியிடம் இருப்பது பட்டன் போன், பென்டிரைவ் கொடுத்துப் பயனில்லை. மெமரி கார்டு போடுகிற சின்ன ரேடியோ பெட்டி ஒன்று வாங்கி, எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்தேன். இந்தப் பெட்டிகளுக்கு ஃபைல் பேர் புரியாது. கார்டில் எது முதலில் காப்பி ஆனதோ அதுதான் முதலில் ஓடும். மொத்தமாக இழுத்துப் போட்டதில் கதை நடுவிலிருந்து தொடங்கி, கடைசியில் வரவேண்டிய வாழி பாடிவிட்டுக் காப்புக்கு வந்தது. கார்டை ஃபார்மட் செய்து, ஒவ்வொரு ஃபைலாக, வரிசைப்படி காப்பி செய்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, அவுஹ டீ கேக்குத எடம் எங்க இருக்கு?" அது பதினேழாவது ஃபைல், நாற்பத்தோராவது நிமிசம். அதைத் தனியாக வெட்டி முதல் ஃபைலாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.